ஆக்சிஜன் காபி போடப் போயிருந்தது

எங்கள் பள்ளிக்கூட ஆய்வகத்தில் ஒரு கரண்ட் அடுப்பு இருக்கிறது. அதற்கு மேலே சுவரில் ஒரு சீட்டு: ‘இதில் பால் காய்ச்சக் கூடாது.’ எழுதி ஒட்டியவள் நான்தான். யாராவது டீ போட்டுப் பால் வழிந்தால், காய்ந்ததைச் சுரண்டுவது என் வேலையாகிவிடும்.

அன்று மத்தியானம் அந்தச் சீட்டைப் பார்த்துக்கொண்டே, அதே அடுப்பில் நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

வெளியே மைதானத்தில் அறிவியல் தின விழா. ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், முன்வரிசை சோபாவில் சிறப்பு விருந்தினராக ஒரு டாக்டர். மைக்கில் உயிரியல் ஆசிரியை ரேவதி மிஸ் பேசுவது ஜன்னல் வழியாகத் துண்டு துண்டாக வந்தது. பலமாக ஒரு கைதட்டல். குளுக்கோஸ் இரண்டாக உடைந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்து வேன் புறப்படும். அது மூன்று படிகளுக்குப் போகும். மூன்றாவது படிக்குக் கீழே ஒருவர் நின்றுகொண்டிருக்க வேண்டும்.

அந்த ஒருவர் நான். நான்தான் ஆக்சிஜன்.

பாலில் மெல்ல ஆடை கட்ட ஆரம்பித்திருந்தது.

காணாமல் போவது எப்படி

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பெருங்களத்தூரில் ரயிலை விட்டு இறங்கி, பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் நடந்தால் வரும் ஒரு தனியார் பள்ளியில் நான் ஆய்வக உதவியாளர். பத்தாவது வரை படித்தவள். எல்.கே.ஜி. பிள்ளையிலிருந்து கரஸ்பாண்டென்ட் சார் வரை எல்லோருக்கும் ‘லேப் அக்கா’. என் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

கூச்சம் என்னோடு கூடவே பிறந்தது. கூச்சப்படுகிறவர்கள் ஓரமாக நிற்பார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். அது தொடக்க நிலை. ஓரமாக நிற்பவரை யாராவது கையைப் பிடித்து நடுவில் இழுத்துவிடுவார்கள். தேறியவர்கள் ஓரத்தில் நிற்பதில்லை. வேலை செய்யப் போய்விடுவார்கள்.

குரோம்பேட்டையில் நடந்த என் தங்கை கல்யாணத்தில், ஆல்பம் முழுக்கத் தேடினாலும் நான் இல்லை. பந்தியைப் பார்த்துக்கொண்டேன் என்று இன்றைக்கும் எல்லோரும் பாராட்டுகிறார்கள். உண்மையில் பரிமாறுவதற்கு அங்கே ஆள் வைத்திருந்தார்கள். போட்டோகிராபர் மேடையை விட்டு இறங்கும் வரை நான் வாழையிலைக் கட்டுக்குப் பின்னால் நின்று, கிழிந்த இலை, கிழியாத இலை என்று பிரித்துக்கொண்டிருந்தேன். பரிமாறுகிற ஆட்கள் அவற்றை மறுபடி ஒன்றாகக் கலந்துவிட்டார்கள்.

ஒரு பெண் விழாவின் நடுவில் எழுந்து சமையல்கட்டுப் பக்கம் போனால் அவள் ஓடிப்போகிறாள் என்று நம் ஊரில் யாருக்கும் தோன்றாது. பொறுப்பானவள் என்பார்கள். இந்த வசதியை நான் நாற்பத்தெட்டு வயது வரை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டேன்.

பயறு விடும் மூச்சு

ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வாரம், அப்போதிருந்த உயிரியல் சார் ஒரு கண்ணாடிக் குழாயில் தெளிந்த சுண்ணாம்பு நீரை ஊற்றி, ஸ்ட்ராவைக் கொடுத்து ஊதச் சொன்னார். ஊதினேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் நீர்மோர் மாதிரி வெளுத்துவிட்டது. எனக்கு ஏதோ நோய் என்று நினைத்து, அவரிடம் காட்டாமல் குழாயை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். அவர் தானும் ஊதி, தன் குழாயும் வெளுத்ததைக் காட்டிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. எல்லோர் மூச்சிலும் கரியமில வாயு உண்டு. சுண்ணாம்பு நீரை வெளுக்க வைப்பது அதுதான்.

அடுத்த வாரம் பச்சைப் பயறு. ஊறவைத்து முளைவிட்ட பயறை தெர்மாஸ் பிளாஸ்க்கில் போட்டு, ஒரு வெப்பமானியைச் செருகி, வாயைப் பஞ்சால் அடைத்து வைக்க வேண்டும். மறுநாள் காலையில் பாதரசம் ஏறியிருந்தது. பஞ்சை எடுத்து எட்டிப் பார்த்தேன். இளஞ்சூடாக ஓர் ஆவி, பச்சை வாசனையோடு, முகத்தில் பட்டது. காய்ச்சல் அடிக்கும் குழந்தையின் நெற்றி மாதிரி.

அடுப்பு கிடையாது, வெயில் கிடையாது. இருட்டில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்த பயறு எப்படிச் சூடானது? மூச்சு விடுகிறது என்றார் சார். மூக்கே இல்லையே என்றேன். மூக்கு இருப்பவர்களுக்கும் உண்மையான மூச்சு மூக்கில் நடப்பதில்லை, உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நடக்கிறது, மூக்கு வெறும் வாசற்படி என்றார்.

அந்தப் பாடத்துக்கு ‘செல் சுவாசம்’ என்று பெயர். புத்தக அலமாரியைத் தூசு தட்டும் சாக்கில் வருஷக்கணக்காக அதைப் படித்திருக்கிறேன். பாதி புரியும். மீதியை மறுநாள் தூசு தட்டும்போது பார்த்துக்கொள்வேன்.

ரேவதி மிஸ்ஸின் யோசனை

இந்த விழா நடந்த வருஷம் பதினோராம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் பாதிப் பிள்ளைகள் செல் சுவாசக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டார்கள். மீதிப் பாதி, எழுதாமலே இருந்திருக்கலாம் என்னும்படி எழுதியிருந்தார்கள். ரேவதி மிஸ் விடைத்தாள் கட்டை என் மேஜையில் வைத்துவிட்டு, தலையை அதன்மேல் வைத்துக்கொண்டார்.

“அக்கா, ஸ்டெப்ஸ் எல்லாம் மனப்பாடமா சொல்றாங்க. ஆனா எதுக்கு நடக்குதுன்னு ஒருத்தருக்கும் தெரியல.”

அதிலிருந்து பிறந்ததுதான் ‘ஓர் இட்லியின் பயணம்’. அறிவியல் தினத்தன்று செல் சுவாசத்தை மேடையில் நடித்துக் காட்டுவது. நடிக்கப்போவது பிள்ளைகள் இல்லை. வேன் ஓட்டுகிறவர், ஆயாம்மாக்கள், வாட்ச்மேன், ஆபீஸ் கிளார்க் என்று பாடம் நடத்தாத நாங்கள். ‘நமக்கு இது வராது’ என்று பிள்ளைகள் சொல்ல முடியாதபடி செய்ய வேண்டும் என்பது அவருடைய திட்டம். வழக்கமான டான்ஸ் இருந்தால் போதுமே என்றார் கரஸ்பாண்டென்ட் சார். மிஸ் விடவில்லை. சரி, ஒரு முறை செய்து பாருங்கள், சொதப்பினால் அடுத்த வருஷத்திலிருந்து டான்ஸ்தான் என்று முடித்துவிட்டார். விழா வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை அதே பாடத்தில் தேர்வு.

கதை இதுதான். இட்லி செரித்துக் குளுக்கோஸ் ஆகிறது. ஆயாம்மாக்கள் பாக்கியமும் செல்வியும் ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டு ஆறு பலூன்களோடு வருவார்கள். அதுதான் குளுக்கோஸ். பலூன்கள் ஆறு கார்பன். செல்லுக்குள் வந்ததும் போர்வை விலகி, ஆளுக்கு மூன்று பலூனோடு இருவராகப் பிரிவார்கள். இந்த உடைப்புக்குக் கிளைக்காலிசிஸ் என்று பெயர். உடைந்த துண்டுகள் பைருவிக் அமிலம்.

உடைக்கும்போது கிடைப்பது ஏடிபி. செல் எந்த வேலை செய்தாலும் எடுத்துச் செலவழிப்பது இதைத்தான். சார்ஜ் ஏற்றிய குட்டி பேட்டரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உடைப்பதற்கே முதலில் இரண்டு ஏடிபி போட வேண்டும். பிறகு நான்கு வரும். எங்கள் தெருவில் முன்பு இருந்த அடிபம்பு இப்படித்தான். தண்ணீர் வருவதற்கு முன் அதன் வாயில் இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆக நிகர லாபம் இரண்டு. அதற்கு அடையாளமாகப் பாக்கியமும் செல்வியும் ஆளுக்கொரு செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொள்வார்கள்.

பிறகு இருவரும் ஒரு திரைக்குள் நுழைவார்கள். அது மைட்டோகாண்ட்ரியா. நுழையும்போதே ஆளுக்கொரு பலூன் வெடிக்கும். உள்ளே எட்டாம் வகுப்புப் பெண்கள் கும்மியடித்துச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். அது கிரெப் சுழற்சி. பாக்கியம் கும்மியில் சேர்ந்து ஒரு சுற்று வருவதற்குள் மிச்ச இரண்டு பலூனும் வெடிக்க வேண்டும். செல்விக்கும் அதே கதி. வெடித்ததெல்லாம் கரியமில வாயு. நான் சுண்ணாம்பு நீரில் ஊதினேனே, அது.

“அப்ப நான் தின்ன இட்லி, காத்தாப் பூடுதா?” என்று கேட்டார் பாக்கியம்.

ஆமாம் என்றார் மிஸ்.

“அப்டின்னா என் ஒடம்பு எப்டி இப்டிக் கீது?”

மிஸ் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார்.

வேனும் மூன்று படிகளும்

உடைக்கிற இடத்திலும் கும்மியிலும் எலெக்ட்ரான்கள் கிடைக்கும். எங்களுக்கு அவை மஞ்சள் பிளாஸ்டிக் பந்துகள். அவற்றை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பி வர ஒரு ஆள் வேண்டும். புத்தகத்தில் அதற்கு என்.ஏ.டி. என்று பெயர். எங்கள் பள்ளியில் அதற்குத் தனசேகர் என்று பெயர். பள்ளி வேன் ஓட்டுகிறவர். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை அண்ணா என்பேன். யார் மூத்தவர் என்று இதுவரை விசாரித்ததில்லை. அட்டையில் வேன் முகப்பு செய்து கழுத்தில் மாட்டியதும் அவருக்கு வேறு விளக்கமே தேவைப்படவில்லை.

“இத்தான நான் டெய்லி பண்ணிக்கினு கீறேன். ஏத்து, எறக்கு, காலி வண்டியா வா.”

அவர் பந்துகளை இறக்கும் இடம் மேடைப் படி. மேல் படியில் வாட்ச்மேன் பெரியவர், நடுப்படியில் கிளார்க் மேடம், கீழ்ப்படியில் நூலக மேடம். பந்து கைமாறிக் கைமாறி இறங்கும். இது எலெக்ட்ரான் கடத்துச் சங்கிலி. ஒவ்வொரு படி இறங்கும்போதும் வருகிற உந்தலில் ஹைட்ரஜன்கள் ஒரு சுவரைத் தாண்டித் தள்ளப்பட்டு, அந்தப் பக்கம் நெரிசலாக நிற்கும். தீபாவளிக்கு முந்தின நாள் பெருங்களத்தூர் பஸ் நிறுத்தம் போல. திரும்பி வர ஒரே ஒரு குறுகிய வாசல். அந்த வாசலில் ஒரு சக்கரம். கூட்டம் முண்டிக்கொண்டு வரும்போது சக்கரம் சுழலும். அது சுழலச் சுழல ஏடிபி வந்துகொண்டே இருக்கும். உடைப்பதில் கிடைத்தது இரண்டு. மொத்தமாகச் சேர்த்தால் முப்பதைத் தொட்டுவிடும், பெரும்பகுதி இந்தச் சக்கரத்தின் புண்ணியம்.

சக்கரத்துக்கு வாட்ச்மேன் பெரியவரின் பழைய சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினோம். டைனமோவும் விளக்கும் உள்ள வண்டி. ஒவ்வொரு பந்து இறங்கும்போதும் தோட்டக்காரர் பெடலைச் சுற்றுவார். விளக்கு எரியும்.

முதல் ஒத்திகையில் பந்து மேல்படியிலேயே நின்றுவிட்டது. வலது பக்கம் வாங்கி இடது பக்கம் கொடுக்க வேண்டும். பெரியவர் மாட்டேன் என்றார். ஒரு பெண்பிள்ளைக்கு இடது கையால் எதையும் கொடுத்துப் பழக்கமில்லையாம். முழுசாகத் திரும்பி வலது கையால்தான் கொடுத்தார். கிளார்க் மேடமும் பெரியவர் செய்தது நியாயம் என்று திரும்பினார். ஒரு எலெக்ட்ரான் கீழே வந்து சேர்வதற்குள் எங்கள் எல்லோருக்கும் டீ ஆறிவிட்டது.

இரண்டு கையாலும் வாங்குங்கள், இரண்டு கையாலும் கொடுங்கள் என்று மாற்றினார் மிஸ். அது இன்னும் மோசம். இரண்டு கையில் ஒரு பொருள் வந்து விழுந்ததும் பெரியவர் பழக்கதோஷத்தில் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவரைப் பார்த்து கிளார்க் மேடமும் ஒற்றிக்கொண்டார். நூலக மேடம் ஒற்றிக்கொண்டு, நெற்றியிலும் வைத்துக்கொண்டார்.

“ப்ளீஸ், எலெக்ட்ரானக் கண்ணுல ஒத்திக்க வேணாம்,” என்று மிஸ் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஒரு வாரம் பிடித்தது அந்தப் பழக்கத்தை நிறுத்த.

எனக்கு வைத்த வேடம்

சங்கிலியின் கடைசியில் பந்தை வாங்கிக்கொள்ள ஒருவர் வேண்டும். ஆக்சிஜன். வசனம் இல்லை, நடை இல்லை. நிற்பது, வாங்குவது, அவ்வளவுதான். வாங்கிய பிறகு இரண்டு பெண்கள் ஹைட்ரஜனாக வந்து இரண்டு பக்கமும் கையைப் பிடித்துக்கொள்வார்கள், எங்கள் மேல் ஒரு நீலத் துப்பட்டா விழும், நாங்கள் தண்ணீராகிவிடுவோம்.

நாம் மூச்சு இழுப்பது இதற்காகத்தான் என்று மிஸ் சொன்னபோது எனக்கு வியப்பாக இருந்தது. ஆக்சிஜன்தான் ஏதோ முன்னால் நின்று எல்லாவற்றையும் எரிக்கிறது என்று நினைத்திருந்தேன். அது கடைசியில் நின்று, வருவதை வாங்கிக்கொள்கிறது.

ஒத்திகையெல்லாம் உள்ளே மாடிப்படியில் நடந்தது. கீழே தீயணைக்கும் மணல் வாளிக்குப் பக்கத்தில் எனக்கு இடம். யாரும் பார்க்காத மூலை. இதுவென்றால் என்னால் முடியும் என்று சம்மதித்துவிட்டேன். வீட்டில் சொன்னபோது, மறைமலை நகரில் ஷிஃப்ட் முடிந்து வந்த என் கணவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, போட்டோவாவது எடுக்கச் சொல் என்றார்.

விழாவுக்கு முந்தின நாள் மைதானத்தில் மேடையைப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. மேடைப் படிகள் முன்பக்கமாக இறங்கின. மூன்றாவது படிக்குக் கீழே என்றால் தரை. அதற்கு எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், சிறப்பு விருந்தினர் சோபா. அதற்குப் பின்னால் மொத்தப் பள்ளிக்கூடம்.

மிஸ் என் முகத்தைப் பார்த்தார். ஓடிவிட மாட்டீர்களே என்று கேட்டார். இந்த ஒரு இடத்துக்கு மட்டும் மாற்று ஆள் வைக்கவில்லை என்றார். ஆக்சிஜன் நிற்கவில்லை என்றால் எதுவுமே நகராது, அதுதான் பாடமே என்றார்.

மாட்டேன் மிஸ் என்றேன். வாக்குக் கொடுக்கும்போது நான் பொய் சொல்லவில்லை.

யாரும் கேட்காத காபி

மறுநாள் நிகழ்ச்சி தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது டாக்டர் வந்து சோபாவில் உட்கார்ந்தார். நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார். அதுதான் தாங்கவில்லை.

என் கால்கள் கரஸ்பாண்டென்ட் சாரிடம் போயின. என் வாய், டாக்டருக்குக் காபி கொண்டு வரட்டுமா சார் என்று கேட்டது. நிகழ்ச்சி முடிந்ததும் டீ சொல்லியிருந்தது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் யாருடனோ போனில் பேசிக்கொண்டே தலையை ஆட்டினார். அது ‘வேண்டும்’ என்று ஆட்டியதா, ‘வேண்டாம்’ என்று ஆட்டியதா என்று நான் நின்று பார்க்கவில்லை.

அப்படித்தான் அந்தச் சீட்டுக்குக் கீழே வந்து நின்றேன்.

எனக்குப் பதில் யாராவது நிற்பார்கள் என்று பாலிடம் சொல்லிக்கொண்டேன். ஆனால் காது ஜன்னலில் இருந்தது. “எலெக்ட்ரான் இப்போது கடைசியாக,” என்று மிஸ் ஆரம்பித்தார். நிறுத்தினார். மறுபடியும், “கடைசியாக,” என்றார். மூன்றாவது முறை சொல்லும்போது குரல் இறங்கியிருந்தது.

பிறகு மைக்குக்குப் பக்கத்தில் தனசேகர் அண்ணன் குரல்: “மிஸ், எங்க எறக்கறது? மூணு பேர் கையும் ஃபுல்லா கீது.”

மைதானம் சிரித்தது.

எனக்கு அங்கே இருப்பது அப்படியே தெரிந்தது. நூலக மேடம் பந்தோடு நிற்கிறார், கொடுக்க ஆளில்லை. அதனால் கிளார்க் மேடம் அவரிடம் கொடுக்க முடியாது. அதனால் பெரியவர் கை நிறைய. அதனால் வேன் காலியாகாது. சைக்கிள் விளக்கு அணைந்திருக்கும்.

தனசேகர் அண்ணன் பொறுமை உள்ளவர் இல்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் தினமும் ஓட்டுகிற யாருக்கும் அது மிச்சம் இருக்காது. சும்மா நிற்கப் பிடிக்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு, திரைக்கு வெளியே காத்திருந்த பாக்கியத்திடமே போனார்.

“இந்தா பாக்கியம், குட்த்ததை நீயே வெச்சிக்க. வண்டி காலியானாத்தான நான் அடுத்த ட்ரிப் போவ முடியும்.”

“த்தோடா. நான் இன்னா குப்பத் தொட்டியா?”

“கொஞ்ச நேரம் வெச்சிக்கம்மா. பேஜார் பண்ணாத.”

சிரிப்பு கூரையைத் தொட்டது. அதன் நடுவில் ரேவதி மிஸ்ஸின் குரல் திடீரென்று தெளிந்து ஒலித்தது. சிரிக்காதீர்கள், பாருங்கள், தனசேகர் அண்ணன் செய்ததுதான் காற்றில்லா சுவாசம் என்றார். இறக்க இடம் இல்லாதபோது செல் இதைத்தான் செய்கிறது. கொண்டுவந்ததைப் பைருவிக் அமிலத்தின் தலையிலேயே கட்டிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பிப் போகிறது. தலையில் சுமை ஏறிய பைருவிக் அமிலம் லாக்டிக் அமிலமாகிவிடுகிறது. ரயிலைப் பிடிக்க ஸ்டேஷன் படியில் தலைதெறிக்க ஓடும்போது உங்கள் தொடையில் நடப்பது இது. இட்லி மாவு பாத்திரத்துக்குள் புளிப்பதும் இந்தக் குடும்பத்துச் சமாச்சாரம்தான். வண்டி நிற்காது, ஆனால் வெளிச்சம் எவ்வளவு என்று பாருங்கள் என்றார்.

எவ்வளவு? பாக்கியம் கையில் ஒன்று, செல்வி கையில் ஒன்று. இரண்டு செல்போன் டார்ச். அவ்வளவுதான்.

“இதை வெச்சுக்கிட்டு எவ்ளோ நேரம் ஓட்ட முடியும்? இப்ப யாரு வரணும்?”

பதினோராம் வகுப்பு மொத்தமும் கத்தியது. ஆக்சிஜன். ஆக்சிஜன்.

உண்மையைச் சொல்கிறேன். அதைக் கேட்டதும் மேஜைக்கு அடியில் போய்விடலாமா என்றுதான் தோன்றியது. அத்தனை பேர் கூப்பிட்டு நான் எங்கும் போனதில்லை.

அந்தக் கத்தலுக்கு அடியில் இன்னொரு குரல் வந்தது. மேல்படியில் நின்றிருந்த பெரியவர், மெதுவாக, மிஸ்ஸிடம்: “முட்டி வலிக்குதும்மா. பந்தை யார்னா வாங்கிக்கினா ஒக்காந்துப்பேன்.”

கையை நீட்டியபடி நிற்கிறார். நான் வாங்கினால்தான் அவர் உட்கார முடியும்.

அடுப்பை அணைத்தேன்.

மூன்றாவது படிக்குக் கீழே

வெறுங்கையோடு ஒரு இடத்துக்குப் போக எனக்குத் தெரியாது. டவரா டம்ளரில் காபியை ஊற்றி எடுத்துக்கொண்டேதான் போனேன். ஷாமியானாவின் பின்பக்கத்திலிருந்து படி வரை நடந்ததில் யாரையும் பார்க்கவில்லை. டம்ளரின் நுரையை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

மூன்றாவது படிக்குக் கீழே வந்து நின்றேன். நூலக மேடம் பந்தை நீட்டினார். அப்போதுதான் என் இரண்டு கையிலும் காபி இருப்பது உறைத்தது. கீழே வைக்க இடமில்லை. எதிரே சோபா. டாக்டரின் கையில் டம்ளரை வைத்துவிட்டேன். அவரும் வாங்கிக்கொண்டார். அவருக்கும் வேறு வழியில்லை.

வாங்கிய முகத்தைப் பார்த்ததும் ஆய்வக அலமாரியில் மூடியே திறக்காத டப்பா நினைவுக்கு வந்தது.

“சார், சக்கரை போடல.”

ரகசியமாகத்தான் சொன்னேன். ரேவதி மிஸ் எனக்குப் பக்கத்தில் மைக்கோடு நின்றதைக் கவனிக்கவில்லை. நான்கு மூலை ஸ்பீக்கரிலும் அது போய்த் திரும்பி வந்தது. குளுக்கோஸை உடைப்பதற்காகவே நடத்தப்பட்ட விழாவில், மேடையில் என் வாழ்நாளின் ஒரே வசனம் அதுதான்.

சிரிப்பு எழுந்த திசையை நான் பார்க்கவில்லை. இரண்டு கையையும் நீட்டிப் பந்தை வாங்கினேன். வாங்கியதும் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஒரு வாரம் பாடுபட்டு நிறுத்திய பழக்கம்.

தோட்டக்காரர் பெடலைச் சுற்றினார். சைக்கிள் விளக்கு ஒரு முறை சிணுங்கி, பிறகு எரிந்தது.

அடுத்த பந்து. அடுத்தது. மேல்படியில் பெரியவர் கை காலியானதும் அப்படியே படியில் உட்கார்ந்துகொண்டார். அடுத்து வந்தவற்றை உட்கார்ந்தபடியே கைமாற்றிவிட்டார். பாக்கியம் தன் தலையில் கட்டப்பட்ட பந்துகளை வேனில் திருப்பிப் போட்டுவிட்டு, இன்னா நினைச்சிக்கினு கீற என்று தனசேகர் அண்ணனை முறைத்துக்கொண்டே திரைக்குள் போனார். பலூன்கள் வெடித்தன. கும்மி சுற்றியது. விளக்கு அணையவே இல்லை.

இரண்டு பெண்கள் வந்து என் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் கையும் வியர்த்திருந்தது. எங்கள் மேல் நீலத் துப்பட்டா விழுந்தது. அதற்குள் பளபளவென்று ஒரு வெளிச்சம், ஜவுளிக்கடை வாசனை. தண்ணீராக இருப்பது சுகமாகத்தான் இருந்தது.

ஈரக் கை

திங்கட்கிழமைத் தேர்வைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். காற்றில்லா சுவாசம் எப்போது நடக்கும் என்ற கேள்விக்கு ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தது: ‘ஆக்சிஜன் காபி போடப் போய்விடும்போது.’ அதற்குக் கீழே, வேன் எங்கே திரும்பியது, சுமை யார் தலையில் ஏறியது, வெளிச்சம் ஏன் இரண்டு டார்ச்சோடு நின்றது என்று ஒரு பக்கம். ஒரு தப்பும் இல்லை. மிஸ் முழு மதிப்பெண் போட்டு, முதல் வரிக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சிவப்பு வட்டம் போட்டு என்னிடம் கொண்டுவந்து காட்டினார். அந்தக் கேள்வியை அன்று யாருமே விடவில்லையாம். கரஸ்பாண்டென்ட் சார் டான்ஸ் பற்றி அதன் பிறகு பேசவில்லை.

ஆனால் வெள்ளிக்கிழமை மாலையை இன்னும் முடிக்கவில்லை.

துப்பட்டாவை எடுத்ததும் நான் மறுபடி காணாமல் போய்விட்டேன். அதற்குப் பெரிய காரணம் வேண்டியதில்லை. ஆய்வகத்தில் பால் பாத்திரம் அடிப்பிடித்துக் கிடந்தது, சுரண்ட வேண்டும். வெளியே சால்வை போர்த்தினார்கள், பேசினார்கள், குரூப் போட்டோவுக்கு வரிசை கட்டினார்கள். எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு வராந்தாவில் காலடிச் சத்தம். அந்த ஆக்சிஜன் எங்கே, டம்ளரைக் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் குரல். ஆய்வக வாசலில் பாக்கியத்தின் குரல், என்னைக் காட்டிக்கொடுத்தது:

“உள்ள கீது சார். பாத்திரம் கழுவுது. இருங்க, கூப்புட்றேன்.”

ஆய்வகத்துக்கு இரண்டு வாசல். பின்வாசல் நேராக வேன் நிறுத்துமிடத்துக்குப் போகும். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

குழாயை மூடினேன். பாக்கியம் கூப்பிட வாயைத் திறப்பதற்குள், கையைக்கூடத் துடைக்காமல், முன்வாசல் வழியாக வெளியே வந்து நின்றேன். டாக்டர் டம்ளரை நீட்டினார். காலியாக இருந்தது.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.